ஏட்டைக் கண்டவர் யார்?

பிறர் செய்த பிழையைப் பற்றி எழுதுவது எளிது. தாம் செய்த பிழையைப் பற்றி எழுதுவது அத்துணை எளிதன்று. ஆயினும், நத்தார்க் காலம் வந்து இயேசுநாதரைப் பற்றிப் பலரும் பலவாறு பேசக் கேட்கும்போதெல்லாம், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நாம் செய்த பிழையொன்று நெஞ்சில் முள்ளாய் உறுத்துகின்றது. அதனை எழுதிவிட்டால் எமது பாரம் சிறிது குறையும். வாசகருக்கும் அதனால் ஒரு பயன் உண்டு என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

அவ்வாண்டு மார்கழியில் எமது ஊர் வாசிகசாலையின் ஆண்டு விழா நடைபெற்றது. எம்மைப் பேச அழைத்திருந்தனர். சரித்திரத்திற் பட்டம் பெற்றவர், கல்லூரியிற் சரித்திரம் கற்பிப்பவர் என்று தலைவர் எம்மை அறிமுகஞ் செய்துவைத்தார். "இயேசுநாதரும் பாரத நாடும்" என்பது நாம் எடுத்துக்கொண்ட பொருள். பன்னிரண்டு வயது முதல் முப்பது வயது வரை இயேசுநாதர் எங்கே இருந்தார் என்பதைக் கிறித்தவ வேதம் சொல்லவில்லை. அக்காலத்தில் அவர் எங்கள் பாரத நாட்டுக்கு வந்தார். பூரி ஜகந்நாதத்திலும் காசியிலும் வேதம் பயின்றார். பின்னர் நேபாளத்திற் பௌத்த நூல்களைக் கற்றார். அவர் மலைமேலிருந்து செய்த உபதேசமெல்லாம் இங்கே கற்றுக்கொண்டுபோன சரக்கே. இதற்குச் சான்று கூறும் ஏடு ஒன்று இமயமலைச் சாரலிலுள்ள பௌத்த மடமொன்றில் இன்றும் இருக்கிறது. இவ்வாறு நாற்பது நிமிடம் பேசினோம். கைதட்டு ஓயச் சிறிது நேரம் சென்றது. மேடையை விட்டு இறங்கும்போது எமக்கும் உள்ளூரப் பெருமைதான்.

மூன்றாம் வரிசையில் ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. அவர் எமது கல்லூரியிற் பல்லாண்டு கணிதம் கற்பித்து இளைப்பாறியவர், கத்தோலிக்கர். நாம் புதிதாய் ஆசிரியராய்ச் சேர்ந்த காலத்தில், கரும்பலகையில் எப்படி எழுதுவது என்பது முதற்கொண்டு எமக்குச் சொல்லித் தந்தவர். தைப்பொங்கலன்று எங்கள் வீட்டுப் பொங்கல் அவர் வீட்டுக்குப் போகும். நத்தாரன்று அவர் வீட்டுக் கேக்கும் பலகாரமும் எங்கள் வீட்டுக்கு வரும். கூட்டம் கலைந்த பின் அவர் தமது சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்றார்.

"தம்பி, நல்லாய்த்தான் பேசினீர். ஒன்று கேட்கலாமோ? அந்த ஏட்டை நீர் கண்டனீரோ?"

"இல்லை மாஸ்டர். புத்தகத்திலே படித்தனான்."

"புத்தகம் எழுதினவர் கண்டவரோ?"

"கண்டதாக எழுதியிருக்கிறார்."

"கண்டதாக எழுதியிருக்கிறார்" என்று எமது சொல்லையே மெல்லத் திருப்பிச் சொல்லிவிட்டு, வேறொன்றும் பேசாமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அவ்வாண்டு நத்தாரன்று பலகாரத் தட்டு வழக்கம்போல் வந்தது. ஆனால் வழக்கமாகத் தட்டோடு வரும் அவர் வரவில்லை. பேரப்பிள்ளை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். தட்டை வாங்கிய எமது மனைவி எம்மைப் பார்த்த பார்வையிலே ஒரு கேள்வி இருந்தது. எம்மிடம் அதற்கு விடையில்லை.

கோபித்துக்கொண்டு வாதாடியிருந்தால் நாமும் பதில் வாதாடியிருப்போம். அவரோ கணித ஆசிரியர். நிறுவாத விடையை ஏற்றுக்கொள்ளாத வழக்கம் உடையவர். மாணாக்கரிடம் ஆதாரம் எங்கே, மூலம் எங்கே என்று அன்றாடம் கேட்கும் சரித்திர ஆசிரியராகிய நாம் எமது பேச்சுக்கு மூலம் எங்கே என்று ஒருநாளும் கேட்டிலோம். விடுமுறை முழுவதும் அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போவதென்று தீர்மானித்தோம். பழைய ஆங்கிலச் சஞ்சிகைகள் பல இக்காலத்தில் இணைய நூலகங்களிற் கிடைப்பது எமக்குப் பேருதவியாயிற்று.

இந்தக் கதையின் ஊற்றுக்கண் ஒரே ஒருவர். அவர் பெயர் நிக்கொலஸ் நொற்றோவிச். ருஷிய நாட்டுப் பத்திரிகையாளர். 1887 இல் காஷ்மீரம், லடாக் முதலிய பகுதிகளில் யாத்திரை செய்தார். 1894 இல் பாரிஸ் நகரில், இயேசு கிறிஸ்துவின் அறியப்படாத வாழ்க்கை என்னும் பொருள்பட்ட தலைப்போடு பிரெஞ்சு மொழியில் ஒரு நூலை வெளியிட்டார். லடாக்கில் குதிரையிலிருந்து விழுந்து தமது கால் முறிந்தது என்றும், ஹெமிஸ் மடத்துத் துறவிகள் தம்மைப் பராமரித்தனர் என்றும், அங்கே தலைமைத் துறவி "ஈசா" என்னும் மகானின் சரிதத்தைத் திபெத்திய ஏட்டிலிருந்து வாசித்தார் என்றும், மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்லத் தாம் குறித்துக்கொண்டு பின்னர்க் கோவைப்படுத்தியதாகவும் அவர் எழுதினார். அக்கதையிலே ஈசா வணிகரோடு சிந்து நாட்டுக்கு வருகிறார். ஜகந்நாதம், இராஜகிருகம், காசி ஆகிய இடங்களில் ஆறு ஆண்டுகள் தங்குகிறார். சூத்திரருக்கும் வைசியருக்கும் போதித்து அந்தணரின் பகையைத் தேடிக்கொள்கிறார். நேபாளத்திற் பௌத்தம் பயின்று, இருபத்தொன்பதாம் வயதில் தாய்நாடு திரும்புகிறார். நாம் மேடையிற் பேசியது இதுவே. யாரோ எழுதியதை யாரோ சுருக்கி, அதனை யாரோ தமிழாக்கி, நாம் நாலாம் கையாக வாங்கி விற்றிருக்கிறோம்.

நூல் வெளிவந்த அதே ஆண்டில் அதனை ஆராய்ந்தவர் மாக்ஸ் முல்லர். இருக்கு வேதத்தைச் சாயன உரையோடு அச்சேற்றிய அப்பேரறிஞரை இந்துக்களின் பகைவர் என்று எவரும் சொல்லார். திபெத்தியத் திருநூற்றொகுதிகளுக்கு விரிவான அட்டவணைகள் உண்டு. இத்தகைய நூல் அவற்றில் இல்லையே என்று அவர் கேட்டார். எருசலேமிலிருந்து வந்த வணிகர், பரந்த பாரத நாட்டிலே, ஈசாவை முன்பு அறிந்திருந்த மனிதரையே உடனே தற்செயலாகச் சந்தித்தனராம். அது நம்பத்தக்கதோ என்றும் கேட்டார். லே நகருக்குச் சென்றிருந்த ஆங்கில மாது ஒருவர், ஹெமிஸ் மடத்தில் விசாரித்தபோது அப்படி ஒரு ருஷியர் அங்கே தங்கவில்லை என்று அறிந்ததாக எழுதிய கடிதமும் அக்கட்டுரையில் அச்சாகியுள்ளது.

ஆயினும் நொற்றோவிச் சொல்வதிலும் உண்மை இருக்கலாம் என்று எண்ணினார் இன்னொருவர். அவர் ஆக்ரா அரசினர் கல்லூரிப் பேராசிரியர் ஆர்ச்சிபால்ட் டக்ளஸ். 1895 இல் அவர் தாமே ஹெமிஸ் மடத்துக்குப் போனார். ஏட்டைக் காணும் ஆவலோடுதான் போனார். மொழிபெயர்ப்பாளர் மூலம் தலைமைத் துறவியைக் கேள்விமேற் கேள்வி கேட்டார். கால் முறிந்த ஐரோப்பியர் எவரும் தமது காலத்தில் அங்கே தங்கவில்லை, ஈசாவைப் பற்றிய நூலைத் தாம் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை என்று துறவி திட்டமாக மறுத்தார். நூலின் பகுதிகளை வாசித்துக் காட்டியபோது, இவையெல்லாம் பொய் என்று சினந்தார். டக்ளஸ் தமது விசாரணையை 1896 இல் வெளியிட்டார். நொற்றோவிச் லே நகருக்கு வந்தது உண்மையே. அங்கிருந்த மொறேவிய மிஷன் வைத்தியர் ஒருவர் அவருக்குச் சிகிச்சை செய்ததாகத் தெரிகிறது. ஆனால் முறிந்த காலுக்கன்று, பல்வலிக்கு! இதனைப் படித்தபோது, தனியே இருந்தும், எமக்கு வெட்கமாயிருந்தது.

இவ்விடத்திற் சைவ அன்பர் ஒருவர் எழுந்து, "இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடராகிய அபேதானந்த சுவாமிகளும் ஹெமிஸ் மடத்துக்குச் சென்று அவ்வேட்டைக் கண்டாரே?" என்று கேட்கக்கூடும். நாமும் எமது பேச்சில் அவர் பெயரைச் சொல்லியிருந்தோம். சுவாமிகள் 1922 இல் அங்கே சென்றார் என்பதும், பின்னர் வங்க மொழியில் எழுதிய யாத்திரை நூலில் அதுபற்றி எழுதினார் என்பதும் உண்மை. ஆனால் நொற்றோவிச்சின் நூலை அவர் முன்னரே படித்திருந்தார். அவர் வெளியிட்ட பகுதிகளும் அந்நூலின் வாசகங்களையே பெரிதும் ஒத்திருக்கின்றன. சுவாமிகளின் தூய்மையை நாம் ஐயுறவில்லை. ஆயினும் சரித்திரம் கேட்பது தூய்மையை மட்டுமன்று, ஏட்டையும் கேட்கும். அவ்வேட்டின் ஒரு பக்கமேனும் திபெத்திய மொழி வல்ல ஆராய்ச்சியாளர் முன் இற்றைவரை வைக்கப்படவில்லை. அன்றியும், பூரியில் இன்று நாம் வணங்கும் ஜகந்நாதர் ஆலயம் கி.பி. 12 ஆம் நூற்றாண்டில் அனந்தவர்மன் சோடகங்கனாற் கட்டத் தொடங்கப்பெற்றது. திபெத்திற் பௌத்தம் புகுந்ததே ஏழாம் நூற்றாண்டில். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர் பாரத நாடு என்றதும் எவ்வெத் தலங்களை நினைப்பரோ, அவ்வத் தலங்களையே ஈசாவும் சுற்றிவந்திருக்கிறார்.

நாம் பேசியதோடு பலரும் சேர்த்துக் குழப்பும் இன்னொரு கதையும் உண்டு. காஷ்மீரத் தலைநகராகிய ஸ்ரீநகரில் கன்யார் என்னும் பகுதியிலே ரோஸா பல் என்னும் சமாதி இருக்கிறது. அங்கே அடங்கியிருப்பவர் யூஸ் ஆஸாப் என்னும் மகான் என்பர். அவரே இயேசுநாதர் என்றும், அவர் சிலுவையில் இறவாமல் தப்பிக் கிழக்கே வந்து நூற்றிருபது வயதில் அங்கே காலமானார் என்றும் எழுதியவர் அகமதியா இயக்கத்தின் தாபகராகிய மிர்ஸா குலாம் அகமது. அவர் தமது நூலை 1899 இல் எழுதினார். அது 1908 இல் முழுமையாக அச்சாயிற்று. நொற்றோவிச்சின் கதையில் இயேசு சிலுவைக்கு முன் வந்து திரும்பிப் போகிறார். இந்தக் கதையில் சிலுவைக்குப் பின் வந்து இங்கேயே தங்கிவிடுகிறார். ஒன்றுக்கொன்று முரணான இரண்டையும் ஒன்றாய்ப் பிசைந்து ஒரே கதையாகச் சொல்லும் நூல்கள் இன்றும் விற்பனையாகின்றன.

யூஸ் ஆஸாப் என்னும் பெயரின் வரலாற்றைத் தேடிப் போனபோது நாம் கண்ட செய்தி, புனைந்த கதைகளெல்லாவற்றினும் சுவையானது. புத்தர் பெருமானின் சரிதம் பாரசீக, அராபிய மொழிகளுக்குச் சென்றபோது "போதிசத்துவ" என்னும் சொல் "பூதாசாப்" என்றாயிற்று. அராபிய எழுத்திற் பகரத்துக்கும் யகரத்துக்கும் வேறுபாடு புள்ளிகளிலேயே உள்ளது. புள்ளி பிசகியதும் அது "யூதாசாப்" என்றாயிற்று. அந்தக் கதையே மேற்கே சென்று ஜோர்ஜிய, கிரேக்க, லத்தீன் மொழிகளில் வழங்கி, "யோசபாத்து" என்னும் கிறித்தவ அரசகுமாரனின் கதையாக மாறிற்று. கத்தோலிக்க திருச்சபையின் பழைய புனிதர் பட்டியலில், நவம்பர் 27 ஆம் நாளில், அந்த யோசபாத்துக்கு இடமும் கிடைத்தது! புத்தர் பெருமான் வேறொரு பெயரோடு ஐரோப்பாவிற் பல நூற்றாண்டு வணக்கம் பெற்றிருக்கிறார். கிழக்கிலிருந்து மேற்கே உண்மையாகவே சென்ற ஒரு யாத்திரையை விட்டுவிட்டு, நடவாத யாத்திரைக்கு நாம் கைதட்டு வாங்கியிருக்கிறோம்.

"வந்திருக்க முடியாதா?" என்று கேட்பின், முடியும் என்பதே விடை. அக்காலத்திற் செங்கடல் துறையொன்றிலிருந்து நூற்றிருபது மரக்கலங்கள் இந்தியாவுக்குச் சென்றதாகக் கிரேக்க பூகோள ஆசிரியர் ஸ்திராபோ எழுதியிருக்கிறார். புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டிலே 1945 இல் நிகழ்ந்த அகழ்வில் மத்தியதரைக்கடல் நாட்டு மட்பாண்டங்கள் கிடைத்தன. வழி இருந்தது; கலமும் இருந்தது. ஆனால் வழி இருந்தது என்பதனால் இன்னார் அவ்வழியே நடந்தார் என்று ஆகாது. எமது வீட்டுக்கும் கொழும்புக்கும் புகைவண்டி உண்டு என்பதனால் நேற்று நாம் கொழும்பில் இருந்தோம் என்று நீதிமன்றத்தில் நிறுவ முடியுமோ?

இவ்வளவும் தேடிய பின்னரே, முதலிற் செய்திருக்கவேண்டிய வேலையைச் செய்தோம். நான்கு சுவிசேஷங்களையும் முதன்முறையாக முழுமையாக வாசித்தோம். ஆம், வாசியாமலே மேடையேறியிருந்தோம். அங்கே பன்னிரண்டாம் வயதுக்கும் முப்பதாம் வயதுக்கும் இடையிலுள்ள மௌனம் நாம் எண்ணியவாறு அத்துணை வெறுமையானதன்று. அவர் பெற்றோரோடு நாசரேத்துக்குத் திரும்பி அவர்களுக்கு அடங்கி வளர்ந்தார் என்று லூக்கா எழுதுகிறார். பின்னொரு நாள் அவர் சொந்த ஊரிற் போதித்தபோது ஊரார் வியந்தது எதற்காக? இவன் அந்தத் தச்சன் அல்லனோ, இவன் தாயையும் சகோதரரையும் நாம் அறிவோமே, இவனுக்கு இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்றே வியந்தனர் என மாற்கு எழுதியிருக்கிறார். பதினேழு ஆண்டு அயல்நாட்டிலிருந்து மீண்ட ஒருவனைப் பற்றி ஊரார் அப்படியா பேசுவர்? எங்கள் ஊரிலே பத்தாண்டு கனடாவில் இருந்து திரும்பிய ஒருவருக்கு ஊரார் வைக்கும் பெயரே வேறு! அன்றியும், முற்காலத்து நூலாசிரியர் ஒரு மகானின் இளமையைப் பற்றி மௌனமாயிருப்பது புதுமையன்று. ஏழைத் தச்சன் ஒருவனின் உழைப்பு நாட்களை யார் எழுதிவைப்பர்?

தைப்பொங்கலன்று காலை, பொங்கலை நாமே எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குச் சென்றோம். விறாந்தையில் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து தட்டை வாங்கினார். "மாஸ்டர், அந்த ஏட்டை ஒருவரும் காணவில்லை" என்றோம். அவர் சிரித்தார். "இருந்து தேத்தண்ணி குடியும்" என்றார். அவ்வளவுதான், வழக்குத் தீர்ந்தது.

அன்று அவரோடு பேசிக்கொண்டிருந்ததில், எமது சமயத்தாருக்கு மட்டுமன்றி அவருடைய சமயத்தாருக்கும் பாடம் இருந்தது. நத்தாருக்குக் கட்டிய பாலன் குடில் விறாந்தையின் மூலையிற் பிரிக்கப்படாமல் இருந்தது. அதிலே நின்ற மூன்று அரசர்களைக் காட்டி, "இவர்கள் மூன்று பேர் என்று வேதத்தில் இல்லை, அரசர் என்றும் இல்லை. கொண்டுவந்த காணிக்கை மூன்று, அதனால் ஆளும் மூன்றாயிற்று" என்றார் அவரே. டிசம்பர் 25 ஐப் பற்றிக் கேட்டோம். பிறந்த நாளைச் சுவிசேஷங்கள் சொல்லவில்லை. கி.பி. 200 ஐ அடுத்து வாழ்ந்த அலெக்சாந்திரியா கிளமெந்து, சிலர் மே மாதத்து நாளொன்றைக் குறித்ததாக எழுதியிருக்கிறார். டிசம்பர் 25 முதன்முதலாகத் தோன்றுவது 354 ஆம் ஆண்டில் றோமாபுரியில் தொகுக்கப்பட்ட ஒரு பஞ்சாங்கத்தில். அது சூரிய விழாவை ஒட்டி வந்தது என்பர் ஒரு சாரார்; கரு உற்ற நாளை மார்ச் 25 எனக் கொண்டு ஒன்பது மாதம் கூட்டி வந்தது என்பர் மற்றொரு சாரார். ஆர்மீனிய திருச்சபையார் இன்றும் ஜனவரி 6 ஆம் நாளிலேயே கொண்டாடுகின்றனர்.

ஆண்டுக் கணக்கு இன்னும் வேடிக்கை. கி.பி. என்று நாம் எண்ணும் ஆண்டுமுறையைக் கி.பி. 525 இல் வகுத்தவர் தயனீசியு என்னும் துறவி. ஏரோது மன்னன் காலத்தில் இயேசு பிறந்தார் என்பது மத்தேயுவின் வாக்கு. ஏரோது இறந்ததோ கி.மு. 4 ஆம் ஆண்டில் என்பது சரித்திராசிரியர் பெரும்பாலார் துணிபு. ஆகவே கிறிஸ்து பிறந்தது கிறிஸ்துவுக்கு முன் என்றாகிறது! கணித மாஸ்டர் இதனைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மகதலா மரியாளைப் பற்றியும் சொன்னார். அவர் விலைமாதர் என்று வேதத்தில் ஓரிடத்திலும் இல்லை. 591 இல் பாப்பரசர் முதலாம் கிரகோரி தமது பிரசங்கத்தில் மூன்று பெண்களை ஒருவராகச் சேர்த்துவிட்டதனால் அப்பழி வந்தது. "ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஒரு பெண்பிள்ளையின் பெயரைக் கெடுத்தோமே, தம்பி. 1969 இல்தான் எங்கள் பூசைப் புத்தகத்திலே திருத்தினார்கள்" என்று சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

இக்காலத்து இளைஞரிடம் வேறொரு கட்சியும் உண்டு. இயேசு என்று ஒருவர் இருந்ததே இல்லை, எல்லாம் கட்டுக்கதை என்பது அது. எமது வகுப்பிலேயே கெட்டிக்கார மாணாக்கன் ஒருவன் அப்படிக் கேட்டான். இந்தியாவுக்கு வந்தார் என்ற கதைக்கு ஏடில்லை. அவர் இருந்தார் என்பதற்கு ஏடு உண்டு. கி.பி. 116 அளவில் எழுதிய றோமச் சரித்திராசிரியர் தாசித்தஸ், 64 ஆம் ஆண்டில் றோமாபுரி எரிந்தபோது நீரோ மன்னன் கிறித்தவர்மேற் பழி சுமத்தியதைச் சொல்லுமிடத்து, அவர்களின் மூலவர் திபேரியு சக்கரவர்த்தி காலத்தில் பிலாத்து என்னும் அதிகாரியாற் கொல்லப்பட்டார் என்கிறார். தாசித்தஸ் கிறித்தவரை வெறுத்தவர். அவர்களுக்காகப் பொய் எழுதியிரார். யூத சரித்திராசிரியர் யோசேபஸ் முதல் நூற்றாண்டின் இறுதியில், கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் யாக்கோபு கொல்லப்பட்டதைக் குறிக்கிறார். இயேசுவைப் பற்றி அவர் எழுதிய மற்றொரு பகுதியிற் பிற்காலக் கிறித்தவரின் கைச்சரக்கு ஏறியிருக்கிறது என்பதை அறிஞர் மறைப்பதில்லை. பவுல் அடிகள், 50 ஆம் ஆண்டுகளில் எழுதிய கடிதத்தில், அந்த யாக்கோபைத் தாம் நேரிற் கண்டதாக எழுதுகிறார். பிலாத்துவின் பெயர் பொறித்த கல்லொன்று 1961 இல் செசாரியா நகர இடிபாடுகளிற் கிடைத்தது. யோவானிடம் திருமுழுக்குப் பெற்றார், பிலாத்துவின் ஆணையாற் சிலுவையில் அறையப்பட்டார் என்னும் இரண்டையும் கிறித்தவரல்லாத ஆராய்ச்சியாளரும் பெரும்பாலும் ஒப்புக்கொள்கின்றனர். அவர் உயிர்த்தெழுந்தாரா, தேவகுமாரனா என்பன சரித்திரத்தின் அளவுகோலுக்கு அப்பாற்பட்டவை. அங்கே நாம் வாய்மூடி நிற்பதே முறை.

எல்லாம் பேசி முடிந்த பின் மாஸ்டர் கேட்ட கேள்வியொன்றே எம்மை உறங்கவிடாமற் செய்தது. "தம்பி, உமக்கு இந்தக் கதை ஏன் அவ்வளவு பிடித்தது?"

உண்மையைச் சொன்னால், அது எமது பெருமைக்குத் தீனி போட்டது. உலகத்தார் வணங்கும் ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்து மாணாக்கர் என்று சொல்வதிலே ஒரு மிதப்பு இருந்தது. இதே மிதப்பை எதிர்ப்பக்கத்திற் கண்டபோது நாம் கொதித்திருக்கிறோம். போப்பையர் 1886 இல் வெளியிட்ட திருக்குறள் மொழிபெயர்ப்பின் முன்னுரையில், மயிலாப்பூரிற் கிறித்தவப் போதகரிடமிருந்து வள்ளுவர் கற்றிருக்கக்கூடும் என்று ஊகித்தார். 1969 இல் தெய்வநாயகம் என்பவர் திருவள்ளுவர் கிறித்தவரா என்று கேட்டு ஒரு நூலே எழுதினார். அவற்றைப் பற்றி அறிந்த நாளில், "ஆதாரம் எங்கே?" என்று நாம் மேசையில் அடித்துக் கேட்டோம். வழி இருந்ததாம், பழகியிருக்கலாமாம், கருத்து ஒத்திருக்கிறதாம்! நாம் வாசிகசாலையிற் சொன்னவையும் இவைதாமே? வள்ளுவரைப் பிறர் தம் மாணாக்கராக்கினால் அநீதி. இயேசுவை நாம் எம் மாணாக்கராக்கினால் ஆராய்ச்சியோ? நல்ல கருத்துக்கள் இரண்டு நாட்டில் தனித்தனியே தோன்றா என்று எண்ணுவது, மனித இதயத்தைப் பற்றி மிகத் தாழ்வாக எண்ணுவதாகும்.

நாவலர் பெருமானை நினைத்தோம். அவர் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாயிருந்து வேதாகமத்தைத் தமிழாக்கினார். அம்மொழிபெயர்ப்பு 1850 இல் வெளிவந்தது. பின்னர் 1854 இல் சைவதூஷண பரிகாரம் எழுதிப் பாதிரிமாரின் கண்டனங்களுக்கு விடை கூறியபோது, அவ்வேதாகமத்தையே திறந்துவைத்து, அதிலுள்ள கிரியைகளையே எடுத்துக் காட்டி வாதாடினார். அவருடைய வாதத்தை ஏற்பவரும் உண்டு, ஏலாதவரும் உண்டு. ஆயின், படியாத நூலைப் பற்றி அவர் பேசினார் என்று எவரும் சொல்ல முடியாது. அவரைத் தலைமேல் வைத்துப் போற்றும் நாமோ படியாமற் பேசினோம்.

அடுத்த ஆண்டு வாசிகசாலை விழாவிலும் பேசுவதற்கு அனுமதி கேட்டோம். "சென்ற ஆண்டு நாம் சொன்னதற்கு ஆதாரம் இல்லை" என்று தொடங்கி, மேலே எழுதியவற்றைச் சுருக்கமாகச் சொன்னோம். அவ்வாண்டு கைதட்டு மிகக் குறைவு. பின்வரிசையில் இருந்த ஒருவர், "மாஸ்டரை அந்தப் பக்கத்தார் வாங்கிப்போட்டினம்" என்று சொன்னது எமது காதில் விழுந்தது. உறவினர் ஒருவர் சில மாதம் எம்மோடு பேசவில்லை. நாம் முதற்பேச்சில் நட்ட விதை இன்னும் முளைத்துக்கொண்டே இருக்கிறது. சென்ற ஆண்டுகூட எமது பெயரைச் சொல்லியே ஒரு பையன் அந்தக் கதையைக் கல்லூரி விவாத மேடையிற் பேசினான். பொய் சைக்கிளிற் போகிறது. மெய் அதன் பின்னால் நடந்து போகிறது.

மாஸ்டர் இப்போது இல்லை. மூன்றாண்டுகளுக்கு முன் காலமானார். நத்தாரன்று அவர் வீட்டிலிருந்து தட்டு இன்னும் வருகிறது. அவருடைய மகள் தாமே கொண்டுவந்து தருகிறார். தைப்பொங்கலன்று எமது தட்டு அங்கே போகிறது. தேவாலயத்துச் சேமக்காலையில் அவரை அடக்கஞ் செய்த அன்று, எமது கழுத்தளவுக்கு வந்த சொல் ஒன்றை எவரிடமும் சொல்லவில்லை, இங்கே சொல்லிவிடுகிறோம். எமக்குச் சரித்திரப் பட்டம் தந்தது பல்கலைக்கழகம். சரித்திரம் கற்பித்தது ஒரு கணித ஆசிரியர்.

இப்போதும் யாரேனும் ஒரு நூலைக் கையிலேந்தி, எமது சமயத்தைப் பற்றியோ பிறர் சமயத்தைப் பற்றியோ புதுமையான செய்தி ஒன்றைச் சொல்ல வந்தால், நாம் கோபிப்பதுமில்லை, மகிழ்ந்து துள்ளுவதுமில்லை. அமைதியாக அந்த ஒரு கேள்வியையே கேட்கிறோம்: "தம்பி, அந்த ஏட்டை நீர் கண்டனீரோ?"